டிரிப் ஷீட்டிலிருந்து டாலிக்கு

நாமக்கல்லில் எந்த லாரி ஆபீஸுக்குப் போனாலும் ஒரே கணக்கு மூன்று இடத்தில் இருக்கும். நடை முடிந்து வந்த டிரைவர் கொடுக்கும் டிரிப் ஷீட் முதலாவது. வாடகை, அட்வான்ஸ், டீசல், பேட்டா, டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் அதில் பேனாவால் எழுதியிருக்கும். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்து எக்செல்லில் அடித்து வைத்திருப்பது இரண்டாவது. ஆடிட்டருக்குப் போகிற டாலி மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத அன்றைக்கு முதலில் கூப்பிட்டு நிற்க வைக்கப்படுகிறவர் டிரைவர். "போன நடையில ஆயிரத்தைந்நூறு இடிக்குதே, என்ன பண்ணுனே?" என்று கேட்பார்கள். ராஜஸ்தானுக்கோ அசாமுக்கோ போய் இருபது நாள் கழித்துத் திரும்பிய மனிதர், எந்த தாபாவில் எவ்வளவு கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

இந்த மூன்றுக்கும் நடுவே ஓடும் புரோகிராம்களை எழுதுவதுதான் என் தொழில். லாரி ஆபீஸ், முட்டை வியாபாரம், போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், ஜவ்வரிசி ஆலை எல்லாரும் வாடிக்கைதான். பைத்தானில் எழுதுகிறேன். பைத்தானோடு கூடவே வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடுவதில்லை. அதில் நான் அதிகம் புழங்குவது எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் ருசியில்லாத வேலை. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரல் 1-ல் வெளிமாநில லோடுக்கு இ-வே பில் கட்டாயமானது. ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கும் வந்துவிட்டது. அதுவரை நீள நோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ்களும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தன. திருச்செங்கோட்டுப் பக்கம் இன்ஜினியரிங் முடித்து என்னோடு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரு பஸ் ஏறினார்கள். நான் இங்கேயே இருந்துவிட்டேன், வேலை இங்கே கிடந்தது.

டாலி 1986-ல் தொடங்கிய பெங்களூரு நிறுவனத்தின் மென்பொருள். நம் பக்கம் கணக்கு என்றாலே டாலி என்று சொல்லும் அளவுக்கு ஊறிவிட்டது. அதிலிருந்து கணக்கை வெளியே எடுக்கவும் உள்ளே போடவும் எக்ஸ்எம்எல் வழி இருக்கிறது. கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்; அல்லது டாலியை ஒரு சர்வராக ஓடவிட்டு, அதே கம்ப்யூட்டரின் 9000-ஆம் போர்ட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கேள்வியை அனுப்பினால் எக்ஸ்எம்எல்லாகவே பதில் வரும். வெளியே 'என்வலப்' என்றொரு உறை, உள்ளே ஹெட்டரும் பாடியும், அதற்கும் உள்ளே ஒவ்வொரு வவுச்சர். வவுச்சருக்குள் தேதி 20240401 என்று எட்டு இலக்கமாக இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு லெட்ஜர் வரிக்கும் ஒரு பட்டியல், பட்டியலுக்குள் லெட்ஜர் பெயரும் தொகையும். பற்றுத் தொகை மைனஸ் குறியோடு வரும், வரவுக்கு அந்தக் குறி இருக்காது. புதிதாகப் பார்க்கிற கணக்குப்பிள்ளைகள் இந்த மைனஸைக் கண்டு தலைகீழாக இருக்கிறதே என்று திகைப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதைப் படிக்க வருகிற இளைஞர்கள் எல்லாரும் முதலில் ஒரே வழியில்தான் போகிறார்கள். கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து, தொகை டேக் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடி, நடுவில் இருப்பதைக் கத்தரித்து எடுத்துக் கூட்டுகிறார்கள். சின்னக் கோப்பில் சரியாகவே வரும், அதனால் நம்பிவிடுகிறார்கள். ஒரு வவுச்சருக்குள் தொகை என்ற டேக் ஒரே அடுக்கில் மட்டும் இல்லை. லெட்ஜர் வரிக்கு ஒரு தொகை உண்டு. அந்த லெட்ஜரில் பில் வாரியாகக் கணக்கு வைத்திருந்தால், எந்த பில்லுக்கு எவ்வளவு என்று உள்ளே இன்னொரு பட்டியல், அதற்குள்ளும் தொகை. பேங்க் வரியாக இருந்தால் செக் விவரத்துக்கு ஒரு பட்டியல், அங்கேயும் தொகை. எல்லாவற்றுக்கும் டேக்கின் பெயர் ஒன்றுதான். கத்தரித்துக் கூட்டுகிறவருக்கு அம்மாவும் பிள்ளையும் ஒரே ஆளாகத் தெரியும்.

ஒரு சரக்கு ஆபீஸில் இப்படி ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு கம்பெனியிடமிருந்து வரவேண்டிய வாடகை, இருப்பதைப்போல இரு மடங்காகக் காட்டியது. முதலாளி நம்பி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அவர்கள் லெட்ஜரை அனுப்பிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டதும் நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. பைத்தானில் எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எலிமென்ட்ட்ரீயில் 'ஐட்டர்' என்று கேட்டால் அந்த வவுச்சருக்குள் எந்த ஆழத்தில் இருக்கும் தொகையும் வந்து நிற்கும். 'ஃபைண்ட்' என்று கேட்டால் நேர் பிள்ளை மட்டும் வரும். லெட்ஜர் வரியின் மேல் நின்று 'ஃபைண்ட்' கேட்டால் அந்த வரியின் தொகை கிடைக்கும், அதற்குக் கீழே இருப்பது கலக்காது. வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தத் தொழிலின் மையம் என்று நான் நினைக்கிறேன். கோப்பில் இருக்கும் எண் எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் எடுத்தால் அதற்கு மதிப்பே இல்லை.

கம்பெனியோடு வரும் சண்டை போனில் முடிந்துவிடும். டிரைவர் கணக்கில் வந்தால் அப்படி முடியாது. மீதி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த வரி ஒன்று விட்டுப்போனால், அந்தப் பணம் அவர் கையில் இருப்பதாகக் கணக்கு சொல்லும். அவரிடம் ரசீது இருக்காது. ஸ்கிரீனில் இருக்கும் எண்ணை எதிர்த்துப் பேச அவருக்கு வார்த்தையும் வராது. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் சந்தேகம் வந்த இடத்தில் நின்றுவிடுகிற புரோகிராமை நான் விரும்புகிறேன். உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருப்பதைவிட, 'இந்தக் கோப்பு சரியில்லை, இத்தனாவது வரியைப் பாருங்கள்' என்று சொல்லி நிற்பது எவ்வளவோ மேல்.

எக்ஸ்எம்எல் அப்படித்தான் கட்டப்பட்டது. 1998 பிப்ரவரி 10-ல் வெளிவந்த அதன் வரையறை, இலக்கணம் தவறிய கோப்பை, அதைப் படிக்கும் புரோகிராமான பார்சர் பாதிவழியில் சரிசெய்து படிக்கக் கூடாது, பிழை என்று அறிவித்து நிறுத்த வேண்டும் என்கிறது. வெப் பக்கங்களின் எச்டிஎம்எல் இதற்கு நேர்மாறு. டேக்கை மூடாவிட்டாலும் பிரவுசர் எப்படியோ காட்டிவிடும். பைத்தானில் அதற்குத் தனியாக எச்டிஎம்எல் பார்சர் இருக்கிறது, அதுவும் தாராளமாகவே நடந்துகொள்ளும். முட்டை விலையை ஒரு வெப் பக்கத்திலிருந்து எடுக்க அது போதும். பணக் கணக்குக்கு அந்தத் தாராளம் கூடாது.

கண்டிப்பான பார்சர் நம் பக்கத்து ஆபீஸ்களில் முதலில் தடுக்கி விழுவது & குறியில். இங்கே கம்பெனிப் பெயர்களைப் பாருங்கள்: அப்பா & சன்ஸ், அண்ணன் & தம்பி, & கோ. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் லீ பஜாரிலும் பாதி போர்டில் அந்தக் குறி இருக்கும். எக்ஸ்எம்எல்லில் & என்பது அடுத்து ஏதோ ஒரு குறியீடு வருகிறது என்பதற்கான அறிவிப்பு. பெயருக்குள் வரவேண்டுமானால் அதோடு ஏ, எம், பி, ஓர் அரைப்புள்ளி சேர்த்து ஐந்து எழுத்தாக எழுத வேண்டும். டேக்கையும் பெயரையும் ஒட்டவைத்து ஒட்டவைத்துக் கோப்பு தயாரிக்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். 'ஸ்ரீ முருகன் டிரான்ஸ்போர்ட்' இருக்கும்வரை எல்லாம் ஓடும், முதல் '& சன்ஸ்' வந்ததும் நிற்கும். எலிமென்ட்ட்ரீயில் ஒரு எலிமென்ட்டை உண்டாக்கி அதன் டெக்ஸ்ட்டாகப் பெயரைக் கொடுத்துவிட்டால், எழுதும்போது அதுவே மாற்றிக்கொள்ளும். படிக்கும்போது அதுவே திருப்பித் தரும். நாம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. கோப்பை ஒட்டவைத்துத் தயாரிக்காதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதனால்தான்.

இரண்டாவது இடம் &#4; என்கிற குறி. டாலியில் பயனர் வைக்கும் பெயர்கள் ஒரு வகை, டாலி தானே வைத்திருக்கும் 'பிரைமரி', 'நாட் அப்ளிக்கபிள்' போன்ற பெயர்கள் இன்னொரு வகை. எடுத்த கோப்பில் இந்த இரண்டாம் வகைப் பெயர்களுக்கு முன்னால் நான்காம் எண் எழுத்து நிற்கும். எக்ஸ்எம்எல் 1.0 வரையறையில் 32-க்குக் கீழ் உள்ள எழுத்துகளில் டேப், புது வரி, வரித் திருப்பம் மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி. நான்காம் எழுத்தை எண்ணாகக் குறித்தாலும் பார்சர் ஏற்காது. லெட்ஜர் குரூப் பட்டியலின் தொடக்கத்திலேயே 'பிரைமரி' வந்துவிடுவதால், பைத்தானில் டாலி கோப்பைத் திறக்கும் எவருக்கும் முதல் சில நிமிடத்திலேயே இந்தப் பிழை கண்ணில் படும். பலர் அந்த இடத்தில்தான் பார்சரையே தூக்கி எறிந்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது வேறு. கோப்பை முதலில் அதன் என்கோடிங்கில் திறக்க வேண்டும். டாலி பெரும்பாலும் யுடிஎஃப்-16-ல் தரும், அதைக் கோப்பின் முதல் இரண்டு பைட்டே சொல்லிவிடும். திறந்த எழுத்தில், அனுமதியில்லாத எண்குறிகளை மட்டும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் நீக்க வேண்டும். நீக்கியது எது, எத்தனை என்று ஒரு லாக் கோப்பில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு பார்சரிடம் கொடுத்துவிட்டு, எழுத்தை எழுத்தாகத் தொடுவதை அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு முறை துடைத்துக்கொள்ளலாம், வீட்டுக்குள் போனபின் கட்டமைப்பு சொல்வதுதான் சட்டம்.

பைத்தானுக்குள் உண்மையில் பார்ஸ் செய்வது எக்ஸ்பாட் என்ற சி மொழி லைப்ரரி. ஜேம்ஸ் கிளார்க் எழுதியது. எக்ஸ்எம்எல்லை வகுத்த குழுவின் தொழில்நுட்பத் தலைவரும் அவர்தான். அதன் மேல் நாம் பயன்படுத்தும் எலிமென்ட்ட்ரீயை எழுதியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் லுண்ட். முதலில் தனியாகக் கிடைத்தது, 2006-ல் பைத்தான் 2.5 வந்தபோது ஸ்டாண்டர்டு லைப்ரரியில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே மினிடோம் என்ற இன்னொரு பகுதி இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதில் டேக்குகளுக்கு நடுவே அழகுக்காக விட்ட இடைவெளிகூட ஒரு பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வவுச்சரின் முதல் பிள்ளை எது என்று கேட்டால் ஒரு வெற்று வரியைக் காட்டும். லுண்ட் அந்தப் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்தார். ஒரு எலிமென்ட்டுக்குப் பெயர், பண்புகள், டெக்ஸ்ட், பிள்ளைகள் என்று பைத்தான் லிஸ்ட்டைப் போலக் கையில் புரளும்படி செய்துவிட்டார். 2021 நவம்பரில் அவர் இறந்தார் என்ற செய்தியைப் படித்த அன்று நான் ஒரு முட்டை மண்டிக்காக எழுதிய கோட் முழுக்க அவர் வைத்த பெயர்களாக இருந்தது. நாமக்கல்லைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவரால் இங்கே எத்தனையோ பேரின் கணக்கு நேராக நிற்கிறது.

ஸ்டாண்டர்டு லைப்ரரியே போதும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்த ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்கள். பல இடங்களில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. பைத்தான் 3.8-தான் அதில் ஏறும் கடைசிப் பதிப்பு, 3.9 ஏறாது. இணையம் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, டாலி இருக்கும் கம்ப்யூட்டர் வேறொன்று என்று பிரித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே போய் வெளி லைப்ரரிகளை இறக்கிச் சேர்க்க முடியாது. சேர்த்தாலும், மூன்று வருஷம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் மாறும்போது எது எந்தப் பதிப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். பைத்தானை மட்டும் போட்டால் என் புரோகிராம் ஓட வேண்டும். வேகமும் வசதியும் கூடுதலான வெளி லைப்ரரிகள் இருக்கின்றன, பெரிய ஊரில் பெரிய சர்வரில் வேலை செய்தால் நானும் அவற்றைத்தான் எடுத்திருப்பேன். பரமத்தி வேலூரில் வாழைத்தார் லோடு ஏற்றும் ஆபீஸுக்கு அது தேவையில்லை.

எலிமென்ட்ட்ரீயில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு, அதை நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் விரிவாகச் சொல்வேன். ஒரு எலிமென்ட்டை 'இஃப்' போட்டு உண்டா இல்லையா என்று கேட்டால், அது தன் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். தொகை என்ற டேக்கில் 18,500 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அதற்குள் வேறு டேக் இல்லை. 'இஃப்' அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது, தொகை சத்தமில்லாமல் விட்டுப்போகும். பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் புரோகிராமில் டீசல் செலவு முழுவதும் இப்படிக் காணாமல் போயிருந்ததை அவனோடு உட்கார்ந்து கண்டுபிடித்தோம். தேடிய எலிமென்ட் 'நன்' (ஒன்றுமில்லை) தானா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பைத்தான் 3.12 முதல் இப்படிச் சோதித்தால் எச்சரிக்கை கொடுக்கிறார்கள், 3.8-ல் இருக்கும் நம் கம்ப்யூட்டர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. 'ஃபைண்ட்டெக்ஸ்ட்' என்று கேட்பது இன்னும் நல்லது. டேக்கே இல்லையென்றால் 'நன்' வரும், டேக் இருந்து உள்ளே வெறுமையாக இருந்தால் வெற்று எழுத்து வரும். அட்வான்ஸே வாங்கவில்லை என்பதும், அட்வான்ஸ் கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டார்கள் என்பதும் வேறு வேறு சங்கதி. டிரைவருக்கு அந்த வேறுபாடு பணமாக இருக்கும்.

வெளியே எடுத்த தொகை எழுத்தாக இருக்கிறது, அதை எண்ணாக்க வேண்டும். இங்கே 'ஃப்ளோட்' வேண்டாம், 'டெசிமல்' எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கிறது. முட்டை வியாபாரத்தில் பைசாதான் பேச்சு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவிக்கும். வியாபாரி அதிலிருந்து இத்தனை பைசா மைனஸ் என்று பண்ணைக்காரரிடம் பேசுவார். ஒரு லட்சம் முட்டைக்கு ஒரு பைசா என்றால் ஆயிரம் ரூபாய். ஒரு தட்டுக்கு முப்பது முட்டை, உடைசலைக் கழிக்க வேண்டும், அதற்குத் தனி விலை. ஃப்ளோட்டில் இரும எண்ணாக மாறும்போது பத்தில் ஒன்றைக்கூடத் துல்லியமாக வைக்க முடியாது. மாதக் கடைசியில் நாலு பைசா இடித்தால் கணக்குப்பிள்ளை ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து தேடுவார்.

முட்டை மண்டிகளின் இன்னொரு தன்மை, சின்னச் சின்ன பில் மலைபோலக் குவியும். வருஷ முடிவில் முழு டே புக்கையும் எக்ஸ்எம்எல்லாக எடுத்தால், டாலி ஒவ்வொரு வவுச்சருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட டேக்குகளை எழுதி வைத்திருக்கும். பழைய கம்ப்யூட்டரின் மெமரியில் அந்த மரம் முழுவதையும் ஏற்ற முடியாது. அதற்குத்தான் 'ஐட்டர்பார்ஸ்'. கோப்பைப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வவுச்சர் மூடும்போதும் அதை நம் கையில் கொடுக்கும். மூடும்போது என்பது முக்கியம். திறக்கும்போது வாங்கினால் உள்ளே பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வேலை முடிந்ததும் அந்த வவுச்சரை 'கிளியர்' செய்ய வேண்டும். அதோடு விட்டால் வெறுங்கூடுகள் தாய் எலிமென்ட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும், லட்சம் கூடுகள் சேர்ந்தால் அதுவும் பாரம்தான். முதல் திறப்பிலேயே வேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது கூடுகளையும் அங்கிருந்து விலக்க வேண்டும். இப்படிச் செய்தால் எவ்வளவு பெரிய கோப்பானாலும் மெமரி ஏறாமல் ஒரே மட்டத்தில் ஓடும்.

எக்செல் கோப்பும் உள்ளே எக்ஸ்எம்எல்தான் என்று சொன்னால் இன்னும் பல பேர் நம்புவதில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பை 'ஜிப்ஃபைல்' கொண்டு திறந்தால் ஒவ்வொரு ஷீட்டும் ஒரு எக்ஸ்எம்எல்லாக இருக்கும். கட்டத்தில் எழுத்து நேரடியாக இருக்காது. எல்லா எழுத்தும் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கும், கட்டத்தில் அதன் வரிசை எண் மட்டும். ஆயிரம் வரியில் 'சங்ககிரி' என்று வந்தாலும் பட்டியலில் ஒரே இடம் போதும். தேதியும் எண்ணாகவே இருக்கும், 45383 என்று இருந்தால் 2024 ஏப்ரல் 1. ஒரு கட்டத்தில் பாதிப் பெயரை மட்டும் தடித்த எழுத்தாக்கியிருந்தால், அந்தப் பெயர் பட்டியலில் துண்டு துண்டாகக் கிடக்கும். 'ஐட்டர்டெக்ஸ்ட்' கொண்டு கோத்து எடுக்க வேண்டும். இத்தனையும் தெரிந்துவிட்டால் கணக்குப்பிள்ளையின் எக்செல்லைப் படிக்க வெளி உதவி எதுவும் வேண்டாம்.

தமிழில் பெயர் எழுதுகிற ஆபீஸ்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. டிரைவரே தன் கணக்கைத் தானே படித்துக்கொள்வார். ஒரு ரிக் வண்டிக்காரர் ஆபீஸில் முதல் கோப்பை எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, ஊர்ப் பேரெல்லாம் நம்பராப் போயிருச்சே!" என்றார். நாமக்கல் என்ற இடத்தில் &#2984;&#3006; என்று தொடங்கி வரிசையாக எண்கள். எலிமென்ட்ட்ரீ தானாக எழுதும்போது ஆங்கில எழுத்துகளுக்குள்ளேயே அடங்கும்படி எழுதும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதன் யூனிகோடு எண்ணைப் போடும். எந்தப் பார்சரும் அதைச் சரியாகவே படிக்கும், பிழை எதுவுமில்லை. ஆனால் கணக்குக்கு உரியவர் தன் கண்ணால் படிக்க முடிய வேண்டும் என்பது என் எண்ணம். எழுதும் இடத்தில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் போதும். "இருங்க மாமா, இப்பப் பாருங்க" என்று மாற்றிக் காட்டியதும் அவர் சங்ககிரி, ராசிபுரம், கொல்லிமலை என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

கொல்லிமலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு பின்னால் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர் உண்டாகி, பாக்கி இரண்டாகப் பிரிந்து கிடக்கும். 'யூனிகோடுடேட்டா' என்ற ஸ்டாண்டர்டு லைப்ரரிப் பகுதியில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது. பெயர் எங்கிருந்து வந்தாலும் முதலில் அதன் வழியே செலுத்திவிட்டுத்தான் ஒப்பிடுவேன்.

எக்ஸ்எம்எல்லின் 1998 முதல் வரையறையிலேயே டேக்கின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க அனுமதி இருக்கிறது. எக்ஸ்பாட்டும் அதை ஏற்றுக்கொள்ளும். அதனால் டிரிப் ஷீட்டுக்கு என்று நானே வைத்திருக்கும் கோப்பில் <நடை>, <வாடகை>, <பேட்டா>, <இறக்குக்கூலி> என்றே டேக்குகள். பைத்தான் தெரியாத கணக்குப்பிள்ளையும் கோப்பைத் திறந்து எது எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று.

நாமக்கல் டேங்கர் வண்டிகள் தென்னிந்தியா முழுக்க சமையல் காஸ் ஏற்றிப் போகின்றன. போன இடத்தில் இறக்க ஆளில்லாமல் நாள் கணக்கில் நிற்பதும் உண்டு. ஹால்ட்டிங் பணம் கேட்டால், எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். வண்டியின் ஜிபிஎஸ் பதிவை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுக்க முடிந்தால் அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் இருக்கும். இந்தக் கோப்பில் எல்லா டேக்குக்கும் ஒரு நேம்ஸ்பேஸ் உண்டு. வெறும் பெயரைச் சொல்லித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நேம்ஸ்பேஸையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அல்லது பைத்தான் 3.8-ல் வந்த நட்சத்திரக் குறி வழியைப் பயன்படுத்தலாம். நேரம் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இறக்கும் இடத்தின் கேட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வண்டி நின்ற நேரத்தை மட்டும் கணக்கிட்டு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால், டிரைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

வெளியிலிருந்து மெயிலில் வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'டாக்டைப்' பகுதி இருந்தால் நான் திறப்பதில்லை. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பெருகும் சொற்களை வைத்து மெமரியை நிரப்பிவிட முடியும். நம் தொழிலின் எந்தக் கோப்புக்கும் அந்தப் பகுதி தேவையே இல்லை.

திரும்ப டாலிக்குள் போடும் வேலைதான் கடைசி. ஒவ்வொரு வவுச்சரையும் அனுப்பும் முன் அதன் நேர் லெட்ஜர் வரிகளை மட்டும் கூட்டிப் பார்ப்பேன். பற்று மைனஸ், வரவு பிளஸ்; கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராத வவுச்சர் தனிக் கோப்புக்குப் போகும், டாலிக்குப் போகாது. அனுப்பியபின் டாலி தரும் பதிலும் எக்ஸ்எம்எல்தான். எத்தனை உண்டாக்கப்பட்டன, எத்தனை மாற்றப்பட்டன, எத்தனை பிழை என்று எண்ணோடு சொல்லும். லெட்ஜர் இல்லையென்றால் எந்த லெட்ஜர் என்று பெயரோடு சொல்லும். பதில் வந்தது என்பதோடு பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். நான் அனுப்பிய எண்ணிக்கையையும் உண்டான எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தனிக் கோப்பில் விழுந்தவற்றை அச்செடுத்து, டிரிப் ஷீட்டோடு பின் அடித்துக் கணக்குப்பிள்ளையின் மேசையில் வைக்கிறேன். டிரைவரைக் கூப்பிடும் முன் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன்.